கோடையில் கண்ணைப் பாருங்கள்!

வட அமெரிக்காவின் 'வுட் டக்' வாத்தைத் தேடிப் போகிறவர்கள் தண்ணீரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். மரங்கள் சூழ்ந்த சதுப்புதான் அதன் இடம். கால்விரல்களில் வலுவான நகம் இருப்பதால் கிளையிலும் ஜம்மென்று உட்காரும்.

ஆண் வாத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பச்சையும் ஊதாவும் மின்னும் கொண்டை, முகத்தில் வெள்ளைக் கோடுகள். சிக்கல் கோடையில்தான்! இறகு உதிர்ந்து, அலங்காரமெல்லாம் போய், பெண்ணைப் போலவே மங்கலாகத் திரியும். அப்போதும் சிவந்த கண்ணும் சிவப்பு அலகும் ஆணைக் காட்டிக்கொடுத்துவிடும். பெண்ணுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பின்பக்கம் கண்ணீர்த்துளி போல நீண்டிருக்கும். பயந்து பறக்கும்போது 'குவாக்' என்று கத்தாது, கீச்சென்று கூவும்.

வேட்டையாலும், பொந்துள்ள பெரிய மரங்கள் வெட்டப்பட்டதாலும் 1900-களின் தொடக்கத்தில் இந்த இனமே அழியும் நிலைக்குப் போனது. 1918-ல் வந்த பறவைப் பாதுகாப்புச் சட்டமும், பிறகு மக்கள் ஆங்காங்கே வைத்த கூடுப் பெட்டிகளும்தான் காப்பாற்றின. வசந்த காலத்தில் அப்படியொரு பெட்டி கண்ணில்பட்டால், கிட்டே போகாமல் தள்ளி நின்று காத்திருக்கலாம். பொரித்த மறுநாளே, கீழிருந்து அம்மா கூப்பிட, பஞ்சுருண்டைக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குதிக்கும்.