திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எமது ஊர்களில் கட்டாரிலோ சவூதியிலோ ஒருவர் இல்லாத குடும்பம் குறைவு. உம்றாவுக்குச் செல்வோரையும் சேர்த்துக்கொண்டால், வான் பாதுகாப்பு எமது வீட்டு விடயம்தான்.

1996 நவம்பர் 12 ஆம் திகதி மாலை, புதுடில்லியிலிருந்து சவூதி விமானமொன்று புறப்பட்டது. அதில் பிழைப்புக்காகச் சென்ற இந்தியத் தொழிலாளர்கள் பலர் இருந்தனர். எதிரே கஸகஸ்தான் விமானமொன்று தரையிறங்க வந்துகொண்டிருந்தது. சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஸகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்பதே கட்டுப்பாட்டு நிலையத்தின் உத்தரவு. ஆனால் கஸகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை.

உத்தரவு தவறாகக் கொடுக்கப்படவில்லை. வானொலியில் அதற்குப் பதில் சொன்னவர் ஒருவர்; விமானத்தை ஓட்டியவர்கள் வேறு சிலர். ஆங்கில அறிவுக் குறைவால் கட்டுப்பாட்டு நிலையம் சொன்னது பிழையாக விளங்கப்பட்டதையும், விமானிகளிடையே ஒருங்கிணைப்பு இல்லாததையும் விசாரணை ஆணைக்குழு சுட்டிக்காட்டியது. அன்றைய டில்லி ராடார் திரையில் விமானத்தின் உயரம் தெரியாது. விமானி சொல்வதை நம்புவதைத் தவிர கட்டுப்பாட்டாளருக்கு வேறு வழியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான சம்பவம் எமது நாட்டு விமானத்துக்கே நடந்தது. 2022 ஜூன் 13 ஆம் திகதி, லண்டனிலிருந்து கொழும்பு வந்த ஸ்ரீலங்கன் விமானம் துருக்கி வான்பரப்பில் 33,000 அடியில் பறந்தது. 35,000 அடிக்கு ஏறுமாறு அங்காரா கட்டுப்பாட்டு நிலையம் பணித்தது. அதே உயரத்தில் பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானமொன்று சுமார் 15 மைல் தொலைவில் இருப்பதைக் கண்ட எமது விமானிகள் ஏற மறுத்தனர். பாதை தெளிவாக உள்ளது என்று இருமுறை சொல்லப்பட்டும் அவர்கள் அசையவில்லை. சில நிமிடங்களில் “ஏற வேண்டாம்” என்ற அவசரச் செய்தி வந்தது.

சொன்னதைத் திருப்பிச் சொல்வதும், சந்தேகம் வந்தால் மீண்டும் கேட்பதும் வானில் மரியாதைக் குறைவல்ல. உயிர் காக்கும் கடமை. கிடைத்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஏவப்பட்ட சமூகத்துக்கு இது புதிய பாடமுமல்ல.

ஆனால் கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் களைப்பில்லாத ஆட்கள் வேண்டும். பொருளாதார நெருக்கடிக்குப் பின் எமது வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். ஆளணிப் பற்றாக்குறை குறித்து 2023 இல் அவர்களது சங்கமே எச்சரித்தது. வீதிக்கும் வடிகானுக்கும் அரசியல்வாதிகளிடம் கணக்குக் கேட்கிறோம். எமது பிள்ளைகள் பறக்கும் வானத்தை இரவில் எத்தனை பேர் கண்காணிக்கிறார்கள் என்பதையும் எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் கேட்க வேண்டும். தெளிவான பதில் கிடைக்காவிட்டால், திருப்பியும் கேட்க வேண்டும்.