பேக்கப் இருக்கு, பாஸ்வேர்ட் எங்கே?

"பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்காதே." பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபில் ஆரம்பித்து கல்லூரி வரைக்கும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது மக்களே. மற்ற இடத்தில் சரியோ தப்போ, பேக்கப் விஷயத்தில் இது சுத்த அபத்தம். ஏன் என்று சொல்கிறேன், படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. வானூரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தரையில் இருந்த கம்ப்யூட்டர் காலி. அண்ணன் அசரவே இல்லை. "வீட்ல பேக்கப் ஹார்ட் டிஸ்க் இருக்குடா தம்பி" என்றார்.

வேறு கம்ப்யூட்டரில் மாட்டினோம். பாஸ்வேர்ட் கேட்டது. அதைப் போட்டுக்கொடுத்த பையன் சென்னைக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன் போட்டால், "ஞாபகம் இல்லண்ணா, நம்ம கடை கம்ப்யூட்டர்லயே ஒரு நோட்பேட் ஃபைல்ல வச்சிருக்கேன்" என்கிறான். எந்தக் கம்ப்யூட்டர்? முழுகிய அதே கம்ப்யூட்டர்! பூட்டின பீரோவுக்குள்ளேயே சாவியை வைத்த கதை. கடையின் எட்டு வருஷக் கணக்கு போச்சு. முதியோர் பென்ஷன் விண்ணப்பத்துக்காக அங்கே எடுத்த என் தாத்தாவின் கடைசி போட்டோவும் அதோடு போச்சு.

"யாராவது கில்லாடியை வைத்து உடைக்கலாமே?" என்று கேட்காதீர்கள். இந்த மென்பொருள்களில் பலவும் ஏஇஎஸ் 256 பிட் முறையில் பூட்டுகின்றன. பாஸ்வேர்ட் ஓரளவு நீளமாக இருந்தால், அது இல்லாமல் தயாரித்த கம்பெனியாலேயே திறக்க முடியாது. அவர்களுக்கு ஒரு கள்ளச்சாவி இருந்தால் அது ஒரு நாள் திருடனுக்கும் கிடைக்கும். ஆக, மென்பொருள் மேல் குற்றம் இல்லை. "மண்டையில வச்சுக்கோ" என்று சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் குற்றம். மண்டை மறக்கும், வேலை மாறும், ஒரு நாள் செத்தும் போகும்.

அடுத்த கோஷ்டி, எல்லாவற்றுக்கும் ஒரே சாவி போடுகிறவர்கள். கோட் ஸ்பேசஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. மற்றவர்களின் மென்பொருள் நிரல்களைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் அதன் தொழில். 2014 ஜூனில் ஒருவன் அவர்களுடைய அமேசான் சர்வர் கணக்குக்குள் புகுந்து பணம் கேட்டு மிரட்டினான். அவனை விரட்டப் பார்த்தபோது ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான். அந்தக் கணக்கு வழியாகவே பெரும்பாலான பேக்கப்பும் எட்டியதால் அதையும் அழித்தான். கம்பெனியை இழுத்து மூடினார்கள்.

இதையே டெல்லி எய்ம்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 நவம்பர் 23 அன்று அங்கே ரான்சம்வேர் தாக்கியது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நாள்கணக்கில் எல்லாமே கையால் எழுதித்தான் நடந்தது. ஆனாலும் நோயாளிகள் விவரம் திரும்பக் கிடைத்தது. காரணம், ஒரு பேக்கப் சர்வரை அந்தத் தாக்குதல் தொடவில்லை. தினமும் புழங்குகிற சாவி பேக்கப் இருக்கும் அறையைத் திறக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

மூன்றாவதாக, "மாதாமாதம் மாற்று" கோஷ்டி. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 2017லேயே, கசிந்தால் மாற்றச் சொல், காரணம் இல்லாமல் மாற்றச் சொல்லாதே என்று எழுதிவிட்டது. கட்டாயப்படுத்தினால் நாம் என்ன செய்வோம்? முருகன்01, முருகன்02 :-) பேக்கப்பில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பல மென்பொருள்களில் நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும், ஏற்கெனவே எடுத்த பேக்கப் பழைய பாஸ்வேர்டில்தான் திறக்கும். பழசை மறந்தால் பழைய பேக்கப்பையும் மறந்துவிட வேண்டியதுதான்.

சரி, என்னதான் செய்வது? பேக்கப்புக்கென்று தனி பாஸ்வேர்ட் வையுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு வார்த்தைகளைச் சேர்த்தாலே போதும். அதைக் காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, கவரில் ஒட்டி இரண்டு வீடுகளில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் இருக்கிற பீரோவில் மட்டும் வேண்டாம். எங்கோ உட்கார்ந்து ரான்சம்வேர் அனுப்புகிறவனால் வானூரில் இருக்கிற பீரோவைத் திறக்க முடியாது. வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரியட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, அந்தக் காகிதத்தைப் பார்த்து டைப் செய்து, ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

நம்ம வானூர் தாலுக்கா திருவக்கரையில் மரமெல்லாம் கல்லாகி 2 கோடி வருஷமாகக் கிடக்கிறது. அண்ணன் வீட்டு ஹார்ட் டிஸ்க்கும் இப்போது அந்த மாதிரிதான். உள்ளே எல்லாம் இருக்கிறது, ஆனால் கல்.

டிஸ்கி: இதை எழுதிய கையோடு என் பாஸ்வேர்டையும் காகிதத்தில் எழுதிவிட்டேன். எந்த வீட்டில் என்று மட்டும் கேட்காதீர்கள்.