4 ஜிபி-யில் நின்னுடுச்சா?

ராத்திரி பூரா லேப்டாப்பை ஓடவிட்டு, காலையில் பார்த்தா 'டவுன்லோட் ஃபெயில்டு'! தினம் 1.5 ஜிபி பேக் போடுறவங்களுக்கு, 4 ஜிபி வீணானா கிட்டத்தட்ட மூணு நாள் டேட்டா காலி. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, எங்கே நின்னுச்சுன்னு பாருங்க பாஸ்.

சரியா 4 ஜிபி-யிலா? நெட்டைத் திட்டாதீங்க. நீங்க சேமிக்கும் பென்டிரைவ் ஃபேட்32-ஆக இருக்கும். 32 ஜிபி காலியாக இருந்தாலும் அதில் ஒரு ஃபைல் 4,294,967,295 பைட்டைத் தாண்டாது. உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ-வே 5 ஜிபி-க்கு மேல்! பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மேட் பண்ணுங்க. எல்லாம் அழிஞ்சுடும், முதல்ல காப்பி எடுத்துக்குங்க.

கண்ட இடத்தில் நிற்குதா? லைன் கட்டாகியிருக்கும், இல்லே லேப்டாப் தூங்கியிருக்கும். பாதி ஃபைலை அழிச்சுடாதீங்க. 'ரெஸ்யூம்' கொடுத்தால், 'இந்த பைட்டிலிருந்து கொடு' என்று பிரவுசர் சர்வரைக் கேட்கும். சர்வர் 206 என்று பதில் சொன்னால் மிச்சம் மட்டும் வரும். 200 என்றால் முதலிலிருந்துதான். அந்த சர்வரோடு மல்லுக்கட்டாமல், அதே ஃபைல் இருக்கும் வேறு மிரர் தேடுங்க.

100 சதவிகிதம் வந்தாலும் ஒரு செக்கிங் பாக்கி. பவர்ஷெல்லின் 'கெட்-ஃபைல்ஹேஷ்' தரும் எஸ்ஹெச்ஏ-256 கோடும், டவுன்லோட் தளத்தில் இருப்பதும் ஒண்ணா? ஓர் எழுத்து மாறினாலும் இன்ஸ்டால் பண்ணாதீங்க.

சரியா இருந்தா, அந்த ஒரு காப்பி போதும். மொத்த ஹாஸ்டலுக்கும் பென்டிரைவிலேயே சப்ளை!