ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தானா?

ஆங்கிலத்தில் ‘பிளஞ்சர்’ ஒரே சொல், பொருளோ பல. கழிவறை அடைப்பை எடுக்கும் ரப்பர் கிண்ணம், ஊசிக்குழலில் மருந்தைத் தள்ளும் தண்டு, காப்பித்தூளை அடியில் அமுக்கும் சல்லடை ஆகிய மூன்றுக்கும் அதுவே பெயர். இவற்றுக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடுவது வீண்வேலை என்பது என் கருத்து.

‘உந்துதண்டு’ ஊசிக்குழலுக்குப் பொருந்தும். கழிவறைக் கருவியிலோ தண்டு வெறும் கைப்பிடிதான்; நீரை அழுத்துவதும் இழுப்பதும் கிண்ணமே. அதை ‘அடைப்பெடுப்பான்’ என்போம். காப்பிக்குரியதை ‘அமுக்கி’ என்போம்.

இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்த நம்மில் பலர், தமிழில் சொல் இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தள்ளு, அமுக்கு, உந்து, இழு என வினைச்சொற்கள் நம்மிடம் ஏராளம். ஆங்கிலப் பெயரை மொழிபெயர்க்காமல் கருவி செய்யும் வேலையைப் பார்ப்போம். சொல் தானே பிறக்கும்.