சம்பளத்திற்கு ஏழாம் நாள். பந்தயப் பணத்திற்கு எந்த நாள்?

தொழிலாளத் தோழர்களே! கிராணிமார்களே!

சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு தம்பி. தகப்பனார் தோட்டத்தில் பால் வெட்டியவர். இவர் பட்டறை வேலைக்குப் பட்டணம் வந்தவர். கைப்பேசியில் 50 வெள்ளி அனுப்பி, இங்கிலீஷ் பந்தாட்டத்தின் மீது பந்தயம் கட்டினார். கட்டிக்கட்டி 3,400 வெள்ளி சேர்ந்துவிட்டதாகத் திரை காட்டியது. எடுக்கப் போனார். அடையாளக் கார்டை அனுப்பு என்றார்கள், அனுப்பினார். பாங்கிக் கணக்கை அனுப்பு என்றார்கள், அனுப்பினார். “இனாமாகக் கொடுத்த தொகையைப் பத்து மடங்கு ஆடித் தீர்த்த பிறகே பணம்” என்றார்கள், அதையும் ஆடினார். இப்போது கணக்கையே பூட்டிவிட்டார்கள்! 50 வெள்ளியை வாங்கும்போது எந்தக் கார்டையும் கேட்காத மகாராசன்களுக்கு, கொடுக்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு ஒழுங்கு?

“அது லைசென்சு உள்ள கம்பெனி, அண்ணே” என்று நம்மிடமே வாதாடுகிறார் தம்பி. யார் கொடுத்த லைசென்சு? குராசோ தீவாம்! அந்தத் தீவு எந்தக் கடலில் இருக்கிறது என்று கேட்டேன். தெரியவில்லை.

லைசென்சு என்றால் என்ன என்பதைப் பிரிட்டனில் பாருங்கள். அங்கே 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2007 செப்டம்பரில் அமுலுக்கு வந்தபின், பந்தயப் பணத்துக்காகக் கோர்ட்டு ஏறலாம். ஆளின் பெயரையும் வயதையும் ஆட விடுவதற்கு முன்பே கம்பெனி சரிபார்க்க வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய தாளைப் பணம் எடுக்கும் நேரத்தில் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது. இது 2019 மே 7 முதல் அங்கே விதி. அப்படியிருந்தும் என்ன நடந்தது? 2018 ஜனவரியில் இணைய ஆட்டத்தில் 17 இலட்சம் பவுன் வென்ற ஒருவருக்கு, “எங்கள் மென்பொருளில் கோளாறு” என்று பெட்பிரெட் கம்பெனி கையை விரித்தது. 2021 ஏப்ரலில் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே அவர் பக்கம் நீதி திரும்பியது. சட்டம் துணை நிற்கும் சீமையிலேயே மூன்று வருடம்!

நம் நாட்டில் என்ன இருக்கிறது? இணையத்தில் பந்தாட்டப் பந்தயம் நடத்த இங்கே எவருக்கும் லைசென்சு இல்லை. 2010-இல் ஒரு கம்பெனிக்குப் பந்தாட்டப் பந்தய லைசென்சு கொடுக்கப் பேச்சு எழுந்து, எதிர்ப்பில் கைவிடப்பட்டது. பினாங்கு குதிரைப் பந்தயத் திடலிலாவது சீட்டை நீட்டினால் சன்னலிலேயே காசு வந்தது; அங்கும் 2025 மே 31-இல் கடைசி ஓட்டம் ஓடி முடிந்தது. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26-ஆம் பிரிவோ, பந்தய ஒப்பந்தம் செல்லாது, வென்ற பணம் கேட்டு வழக்கும் போட முடியாது என்கிறது. ஏழையைச் சூதாட்டக் கடன்காரனிடமிருந்து காக்கக்கூடிய இதே பிரிவு, இன்று கடல் கடந்த கம்பெனிக்குக் கேடயம் ஆகியிருக்கிறது. தம்பி போலீசுக்குப் போகவும் அஞ்சுகிறார். 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் அவர் மீதே பாயுமே!

“சூதாடியவனுக்கு நன்றாக வேண்டும்” என்கிறார்கள் சில பெரியவர்கள். இது என்ன நியாயம்? ஏமாந்தவனைத் திட்டிவிட்டு, ஏமாற்றியவனைச் சும்மா விடுவதா?

தோழர்களே, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கையில் வர வேண்டும் என்கிறது. வராவிட்டால் லேபர் ஆபீசுக்குப் போகிறோம். அங்கே துரையும் பதில் சொல்லியாக வேண்டும். மரத்தடியில் விடியுமுன் நின்று சம்பாதித்த அந்தக் காசை, கேள்வி கேட்க நாதியில்லாத இடத்தில் கொண்டுபோய்ப் போடுவது ஏன்?

நேற்று தம்பிக்கு ஒரு செய்தி வந்ததாம்: இன்னும் 200 வெள்ளி கட்டினால் கணக்கைத் திறந்துவிடுவார்களாம். கட்டாதே, பாங்கிக்குப் போய் உன் கணக்கைப் பத்திரப்படுத்து என்றேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றார், பதில் சொல்லவில்லை.