கடைசி வாங்கும் எங்கள் கிழமைப் பட்டியலும்



போன கிழமை எங்கள் வட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு கூட்டாளி விலகிப் போனான். சண்டை பிடிக்கவில்லை. "மச்சான், கடலுக்குப் போறவனுக்கு இதெல்லாம் சரிவராது, நீங்க வெளாடுங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டான். அவன் போனதற்கு முக்கிய காரணம் நான். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

விசயம் தெரியாதவர்களுக்காக முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஃபென்டசி பிரிமியர் லீக் என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் ஆடும் உண்மையான உதைபந்தாட்ட வீரர்களில் 15 பேரை நாம் தெரிவுசெய்து ஒரு கற்பனை அணி அமைக்க வேண்டும். கையில் 100 மில்லியன் பவுண் கற்பனைக் காசு. ஒரு கழகத்திலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்க முடியாது. அந்த வீரர்கள் நிஜ மெட்ச்சில் கோல் போட்டால், கோலுக்குப் பந்து கொடுத்தால், கோல் வாங்காமல் தடுத்தால் நமக்குப் புள்ளி. கெப்டன் ஆக்கியவருக்கு இரட்டைப் புள்ளி. ஒரு சீசனில் 38 சுற்று. உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் அதிகமானோர் விளையாடுகிறார்கள். சேர ஐந்து சதம் செலவில்லை.

கூட்டாளிமார் சேர்ந்து இதில் தனி லீக் வைக்கலாம். இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் சீசன் முழுக்க எடுத்த மொத்தப் புள்ளிதான் கணக்கு. மற்றது நேருக்கு நேர்: ஒவ்வொரு கிழமையும் குழுவில் ஒருவரோடு உங்களுக்கு மெட்ச். அவரை விடக் கூட எடுத்தால் வெற்றி, 3 புள்ளி. சமமானால் 1. தோற்றால் சைபர். நாங்கள் 12 பேர் இரண்டாவதைத்தான் எடுத்தோம். ஒவ்வொரு கிழமையும் ஒருத்தனை அடிக்கிற சந்தோசம் மொத்தக் கணக்கில் வராதுதானே.

மெட்ச் எல்லாம் முடிந்ததும் இஷாவுக்குப் பிறகு கிழமைப் பட்டியல் எழுதிப் போடுவது என் வேலை. "சேர் எழுதினாத்தான் நல்லம்" என்று எல்லாரும் சேர்ந்து தலையில் கட்டினார்கள். முதலாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடம் வரை ஆளுக்கு ஒரு வரி நக்கல். கடைசியில் வருபவருக்கு 'கடைசி வாங்கு' என்ற பட்டம். உள்துறைமுக வீதிப் பக்கம் பின்னேரம் கூடும்போது அந்தப் பட்டியலை வாசித்துச் சிரிப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு. 11 கிழமையில் ஐந்து முறை அந்தப் பட்டம் இவனுக்குத்தான் போனது.

அவன் விலகிய இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பழைய புள்ளிகளை எல்லாம் எடுத்து ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். 12 பேர், 11 கிழமை. அதாவது ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் ஒரு தடவை சந்தித்தாகிவிட்டது. ஆகவே பட்டியல் நியாயமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கூட்டத் தொடங்கினேன்.

அவன் வென்றது 3 மெட்ச், தோற்றது 8. பட்டியலில் பன்னிரண்டாம் இடம். ஆனால் மொத்தப் புள்ளியில் அவன் ஏழாவது. ஒரு கிழமை அவன் 71 எடுத்திருக்கிறான், அன்று குழுவிலேயே இரண்டாவது கூடிய புள்ளி. ஆனால் அவனுக்கு எதிரே வந்தவர் 78. தோல்வி. அதே கிழமை நான் எடுத்தது 39. எனக்கு எதிரே வந்தவர் 34. எனக்கு 3 புள்ளி, அவனுக்குச் சைபர். அன்றைய பட்டியலில் அவனைப் பற்றி நான் எழுதிய நக்கலை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறகு இன்னொரு கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு கிழமையும் ஒருவர் மற்ற 11 பேரோடும் மோதியிருந்தால் எத்தனை பேரை வென்றிருப்பார்? 11 கிழமைக்கும் 121 ஒப்பீடு. அவன் 59 வென்றிருப்பான். நான் 52. பட்டியலில் மூன்றாம் இடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த சேர், மொத்தப் புள்ளியில் ஒன்பதாவது. எனக்கு எதிராக வந்தவர்கள் என்னோடு மோதிய கிழமையில் சறுக்கியிருக்கிறார்கள். அவனுக்கு எதிராக வந்தவர்கள் அவனோடு மோதிய கிழமையில் பொங்கியிருக்கிறார்கள். யாரைச் சந்தித்தோம் என்பது எல்லாருக்கும் ஒன்றுதான். எந்த நாளில் சந்தித்தோம் என்பதில்தான் வித்தியாசம்.

சீசன் முடியும்போது சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் 38 சுற்றில் 11 பேரை மூன்று தடவை சந்தித்தால் 33 சுற்று போய்விடும். மிச்சம் 5. அந்த ஐந்து சுற்றில் யார் யாரை நான்காவது தடவை சந்திப்பது? ஒருவருக்குப் பலமான ஐந்து பேர் வரலாம், இன்னொருவருக்கு இளகின ஐந்து பேர் வரலாம். ஆக, முழு சீசனிலும் எல்லாருக்கும் ஒரே அட்டவணை கிடைக்காது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'எனக்குக் கஷ்டமான மெட்ச் வந்துட்டு' என்று குழுவில் எல்லாரும்தான் அழுகிறோம். அதில் இரண்டு வகை இருக்கிறது.

முதல் வகை, நம் வீரர்களுக்கு வரும் கஷ்டம். நாம் எடுத்த ஆள் இந்தக் கிழமை பலமான கழகத்தோடு ஆடப் போகிறார் என்பது முன்கூட்டியே தெரியும். அந்த எப்பிலேயே ஒவ்வொரு மெட்ச்சுக்கும் ஐந்துக்குள் ஓர் இலக்கம் போட்டு, இலேசு பச்சை, கடினம் சிவப்பு என்று நிறம் பூசிக் காட்டுகிறார்கள். 12 பேருக்கும் அது ஒரே மாதிரித்தான் தெரியும். அதைப் பார்த்து ஆளை மாற்றுவதுதான் இந்த விளையாட்டின் திறமையே. ஆகவே சிவப்பைப் பார்த்தும் பாராமல் இருந்துவிட்டுக் கடைசியில் அட்டவணையைக் குறை சொன்னால் ஏற்க முடியாது.

இரண்டாவது வகை, நமக்கு எதிரே வரும் கூட்டாளியின் புள்ளி. அதை நாம் பார்க்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. அவர் 78 எடுத்தால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. இது முழுக்க நஸீபு. நாங்கள் கிழமைப் பட்டியலில் திறமையையும் நஸீபையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி, அதற்கு 'இடம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அவனுக்கு மூன்றாவது கஷ்டம் ஒன்றும் இருந்தது. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. அவன் கொட்பேயிலிருந்து பலநாள் படகில் போகிறவன். போனால் பத்து, பதினைந்து நாள். அணியை மாற்றுவதென்றால் அந்தச் சுற்றின் முதல் மெட்ச் தொடங்க 90 நிமிடத்துக்கு முன்பு மாற்ற வேண்டும். நம் நேரத்தில் பெரும்பாலும் சனிக்கிழமை அஸரை ஒட்டி வரும். நான் வீட்டில் தேத்தண்ணியோடு இருந்து யாருக்குக் காயம், யார் ஆடமாட்டார் என்று பார்த்து மாற்றுவேன். அவன் அப்போது நடுக்கடலில். கரையில் வைத்து அமைத்த அணிதான் இரண்டு சுற்றுக்கும் ஓடும். அப்படியிருந்தும் மொத்தப் புள்ளியில் என்னை முந்தியிருக்கிறான். இது தெரியாமல் நான் அவனைக் கடைசி வாங்கில் உட்கார வைத்தேன்.

அட்டவணைப் பேச்சு எங்கள் குழுவோடு நிற்கிற ஒன்றில்லை. உலக டெஸ்ட் சம்பியன்ஷிப்பை எடுங்கள். 9 அணிகள். இரண்டு வருடத்தில் ஓர் அணி மற்ற எட்டில் ஆறோடு மட்டும்தான் மோதும். 2023-25 சுற்றில் தென்னாபிரிக்கா அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் சந்திக்கவே இல்லை. நம் அணியை அவர்கள் நாட்டில் 2-0 என்று வென்றார்கள். டர்பனில் நாம் 42 ஓட்டங்களுக்குச் சுருண்டது மறக்குமா? அவர்கள் 69.44 வீதத்தோடு முதலாம் இடத்துக்கு வந்ததும், 'இலேசான அட்டவணை' என்ற பேச்சு எழும்பியது. பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் 2025 ஜூனில் லோர்ட்ஸில் நடந்த இறுதிப் போட்டியில் அதே அவுஸ்திரேலியாவை 5 விக்கெட்டால் வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். மார்க்ரம் 136. அந்த அட்டவணையைப் போட்டது அவர்கள் இல்லை. அட்டவணை இலேசு என்று சொல்லலாம், அதற்காக வென்றவனைக் கள்ளன் ஆக்கக்கூடாது. அதே மாதிரி, அட்டவணை கடினமாக வந்து தோற்றவனை மடையன் ஆக்கவும் கூடாது. நான் செய்தது இந்த இரண்டாவது பிழை.

இந்த மாதிரிக் கற்பனை விளையாட்டைப் பிரபலமாக்கியவர்கள்கூட ஒரு கூட்டாளிக் கூட்டம்தான். 1980இல் நியூயோர்க்கில் டேனியல் ஒக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவரது நண்பர்களும் பேஸ்போலை வைத்துத் தொடங்கினார்கள். அவர்கள் கூடிய சாப்பாட்டுக் கடையின் பெயரிலிருந்துதான் அந்த லீக்குக்கு 'ரொட்டிசரி' என்று பெயர் வந்தது. அவர்களின் முறையில் கிழமைக்கு ஓர் எதிராளி என்பதே கிடையாது. ஒவ்வொரு திறமைக்கும் சீசன் முழுக்க எல்லாரையும் எல்லாரோடும் ஒப்பிட்டுத்தான் இடம் கொடுத்தார்கள். நேருக்கு நேர் மோதும் முறையில் விறுவிறுப்புக் கூட, ஆனால் அதோடு அட்டவணை நஸீபும் சேர்ந்து வரும்.

இப்போது ஒரு வாத்தியாராக என்னை உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன்.

தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையில் 'வகுப்பில் இடம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இலக்கம் போடும்போது நான் யோசித்ததே இல்லை. உயர்தரப் பரீட்சையில் நம் நாடு இதை யோசித்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001இலிருந்து இசட் புள்ளி பார்க்கிறார்கள். ஒரு பாடத்தில் பெரும்பாலானவர்கள் 70 எடுத்த வருடம் நீங்கள் 75 எடுப்பதும், பெரும்பாலானவர்கள் 40 எடுத்த பாடத்தில் நீங்கள் 65 எடுப்பதும் ஒன்றில்லை. பாடத்தின் கஷ்டத்தைக் கணக்கில் எடுக்கத்தான் இசட் புள்ளி. அதற்கு மேலே மாவட்டக் கோட்டாவும் இருக்கிறது. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரித்து வைத்ததில் நம் திருகோணமலையும் ஒன்று. 'கொழும்புப் பிள்ளையையும் எங்கட பிள்ளையையும் ஒரே தராசில் நிறுக்காதீங்க' என்று நாமே மேடை மேடையாகப் பேசுகிறோம்.

மாவட்டத்துக்குக் கேட்கிற அந்த நியாயத்தை வகுப்பறைக்குள் நாம் கொடுக்கிறோமா? விடியற்காலையில் வாப்பாவோடு வாடிக்குப் போய் வலையில் மீன் கழற்றிவிட்டு வருகிற பிள்ளையும், மூன்று டியூஷனுக்குப் போகிற பிள்ளையும் ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள். புள்ளியை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 48 எடுத்தால் 48தான். ஆனால் அந்த 48ஐ வாசிக்கும் விதத்தை மாற்றலாம். அந்தப் பிள்ளை எதைத் தாண்டி வந்து அதை எடுத்தது என்று தெரிந்த ஒரே ஆள் சிலவேளை வகுப்பாசிரியர்தான். அவரும் இலக்கத்தோடு நின்றுவிட்டால் பிள்ளைக்குப் பேச வேறு ஆள் இல்லை.

திரும்பவும் குழுவுக்கு வருகிறேன். கிழமைப் பட்டியலை நிறுத்தச் சொல்லமாட்டேன். பட்டியல் இல்லாவிட்டால் சுவையே இல்லை. ஆனால் இந்தக் கிழமையிலிருந்து நான் போடும் பட்டியலில் இரண்டு நிரல் இருக்கும். முதல் நிரலில் வெற்றி தோல்விப் புள்ளி. பக்கத்தில், அந்தக் கிழமை மற்ற 11 பேரில் எத்தனை பேரை விடக் கூட எடுத்தார் என்ற எண்ணிக்கை. யார் திறமையால் முன்னுக்கு நிற்கிறார், யார் நஸீபால் நிற்கிறார் என்று எல்லாருக்கும் தெரியட்டும். முதலில் தெரியப் போவது என் வண்டவாளம்தான். பரவாயில்லை. 'கடைசி வாங்கு' பட்டம் இனிமேல் கிடையாது.

இன்னொன்று. ஆளுக்கு ஆயிரம் ரூபா போட்டு வென்றவன் எடுப்போம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. அதற்கு நான் உடன்படமாட்டேன். எல்லாரும் காசு கட்டி ஒருவன் அள்ளிக்கொண்டு போவது சூது. அதன் ஹுக்மை உலமாக்கள் சொல்லி நமக்குத் தெரியும். அதற்கு மேலே, இவ்வளவு நஸீபு கலந்த பட்டியலில் காசையும் வைத்தால், இன்று ஒரு வரியோடு விலகிப் போன கூட்டாளி நாளைக்கு ஸலாம் சொல்லாமல் போவான். சீசன் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரு சாப்பாடு போடுவோம், அது போதும்.

மச்சான், நீ இதை வாசிக்கும்போது கரைக்கு வந்திருப்பாய், இன்ஷா அல்லாஹ். கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. வந்தால் கணக்கைக் காட்டுகிறேன், நீயே கூட்டிப் பார். 71 எடுத்த கிழமைக்கு உன்னிடம் எல்லாருக்கும் முன்னால் மாப்புக் கேட்கிறேன். குழுவின் லிங்கை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். படகில் இருக்கும் நாட்களில் அணியை மாற்ற என்னை நம்பினால் சொல், இல்லாவிட்டால் வேறு யாரையாவது சொல். ஆனால் ஒன்று, நான் மாற்றித் தோற்றால் ஏசக்கூடாது. நான் ஒன்பதாவது ஆள், ஞாபகம் இருக்கட்டும்.

மற்றவர்களும், குறிப்பாக என்னைப் போல் வகுப்பில் இடம் போடுகிற ஆசிரியர்களும், உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.