காலரா: 'இத்தனை லட்சம் டோஸ் அனுப்பினோம்' என்றால் போதுமா?

ஒரு நாட்டில் தொற்றுநோய் பரவினால் நமக்கு வரும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: 'இத்தனை லட்சம் டோஸ் அனுப்பப்பட்டது.' அந்த எண்ணை மட்டும் வெச்சு உதவி சரியாக நடந்ததா என்று சொல்லிவிட முடியாது. ஏன் என்று காலரா தடுப்பு மருந்தின் கதையைப் பார்த்தால் புரியும்.

ஹைதராபாத்துக்கு என்ன பங்கு?

ஹைதராபாத்தின் ஷாந்தா பயோடெக்னிக்ஸ் தயாரித்த 'ஷான்கால்' மருந்துக்கு 2011-ல் உலக சுகாதார அமைப்பின் முன்தகுதி கிடைத்தது. இதற்கு ஊசி வேண்டாம், குடிக்கக் கொடுத்தால் போதும். 2012-ல் ஹைத்தியில் சுமார் 1 லட்சம் பேருக்கு இதைக் கொடுத்தார்கள். 2013-ல் உலக அவசரக் கையிருப்பு தொடங்கியபோதும் முதலில் கைகொடுத்தது இந்த மருந்துதான்.

ஆனால் ஷாந்தாவை வாங்கியிருந்த பிரெஞ்சு நிறுவனமான சனோஃபி, 2022 இறுதியோடு இந்த உற்பத்தியை நிறுத்த முடிவெடுத்தது. அதே சமயத்தில் உலகம் முழுக்க காலரா வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது.

பற்றாக்குறையை எப்படிச் சமாளித்தார்கள்?

2022 அக்டோபரில், ஒருவருக்கு 2 டோஸ் என்பதை 1 டோஸாகக் குறைத்தார்கள். அவசரத்துக்கு இது நியாயமான முடிவுதான், நிறைய பேருக்குப் போய்ச் சேரும். ஆனா பாதுகாப்பு நீடிக்கும் காலம் குறையும். கணக்கில் 'பயனடைந்தோர்' இரட்டிப்பாகத் தெரிவார்கள், மருந்து அதேதான்.

அப்படிக் குறைத்த பிறகும் 2023-ல் 14 நாடுகளுக்கு 7.2 கோடி டோஸ் தேவைப்பட்டது. உற்பத்தியானது 3.6 கோடி. பாதிதான்!

அப்போ எதை வைத்து மதிப்பிடுவது?

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

1. எப்போது வந்தது? ஹைத்தியில் காலரா தொடங்கியது 2010 அக்டோபரில். தடுப்பு மருந்து போனது 2012-ல்.

2. ஒருவருக்கு எத்தனை டோஸ், எவ்வளவு காலப் பாதுகாப்பு?

3. சுத்தமான குடிநீருக்கும் கழிப்பறைக்கும் என்ன செய்தார்கள்? தடுப்பு மருந்து வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. நோய் பரவுவது அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக.

இனி?

2024 ஆகஸ்ட்டில் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக், 'ஹில்கால்' என்ற புதிய காலரா மருந்தை அறிமுகம் செய்தது. ஹைதராபாத், புவனேஸ்வர் ஆலைகளில் ஆண்டுக்கு 20 கோடி டோஸ் வரை தயாரிக்க முடியும் என்றது நிறுவனம். நல்ல செய்திதான். ஆனால் தயாரிக்க முடிவது வேறு, கையிருப்பில் இருப்பது வேறு. நோய் பரவும்போது மட்டும் வாங்கிவிட்டு மற்ற நேரத்தில் யாரும் ஆர்டர் தரவில்லை என்றால், எந்த நிறுவனமும் ஆலையைத் தொடர்ந்து ஓட்ட யோசிக்கும். ஒரு உதவி நல்லா நடக்குமா என்பது பாதி, நோய் இல்லாத ஆண்டுகளிலேயே முடிவாகிவிடுகிறது.